செறிவுக்கு அளவு வகுத்த கேலுசாக்கு

இரசாயன ஆய்வுகூடத்தினுள் ஒருமுறையேனும் காலடி வைத்த எவரும் அங்குள்ள அலுமாரிகளில் வரிசையாக அடுக்கப்பெற்ற போத்தல்களையும், அவற்றின்மீது ஒட்டப்பெற்ற சீட்டுக்களையும் மறந்திருக்கமாட்டார். ஒரு சீட்டிலே நூற்றுவீதம் என்றிருக்கும். அதற்கு அயலிலுள்ளதில் இலீற்றருக்கு இத்தனை கிராம் என்றிருக்கும். மற்றொன்றில் மூலர் என்றும், மங்கிப்போன பழைய சீட்டொன்றில் நோர்மல் என்றும், ஐதரசன் பேரொட்சைட்டுப் போத்தலில் இருபது கனவளவு என்றும் எழுதப்பட்டிருக்கும். கரைசலின் வலிமை என்னும் ஒரு பொருளைக் கூறுதற்கு இத்தனை மொழிகள் எதற்கு? ஒன்றை மற்றொன்றாக மாற்றுக என்னும் வினாவைப் பரீட்சைத் தாளிற் கண்டபோது நம்முள் எத்தனைபேர் உள்ளம் நடுங்கினோம்! சூத்திரங்களை மனனஞ் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம்.

அவ்வாறு மறந்தமைக்குக் காரணம் நமது அறிவுக் குறைவன்று. அவ்வளவுகள் யாருக்காக, எத்தேவை பற்றிப் பிறந்தன என்பதை நாம் அறியாமையேயாம். வரி செலுத்திய வணிகரும், துணி வெளுத்த தொழிலாளரும், வெள்ளி உருக்கிய நாணயச்சாலையாரும் கேட்ட கேள்விகளுக்கு விடையாகவே அவற்றுட் பல பிறந்தன. அவ்விடைகளை வகுத்தளித்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இம்மலரிற் சுருக்கி வரைய முற்படுகின்றோம். அவரே பிரான்சிய விஞ்ஞானி யோசேப்பு உலூயி கேலுசாக்கு ஆவர். வாயுக்களின் விதியினால் அவர் பெயரை மாணவர் யாவரும் அறிவர். அளவியையும் குழாயியையும் கையில் எடுக்குந்தோறும் நாம் அவருக்கே கடன்பட்டுள்ளோம் என்பதை அறிந்தார் சிலரே.

இளமையும் கல்வியும்

கேலுசாக்கு 1778ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி, பிரான்சு தேசத்தின் நடுப்பகுதியிலே இலிமூசின் என்னும் நாட்டிலுள்ள சேன் இலெயனார் என்ற சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அந்துவான் கே என்பவர் நீதித்துறையில் அரச பதவி வகித்தவர். குடும்பத்துக்குரிய இலுசாக்கு என்னும் நிலத்தின் பெயர் குடும்பப் பெயரோடு சேர்ந்து கேலுசாக்கு என வழங்கலாயிற்று.

சிறுவர்க்குப் பத்து வயது நிரம்பியிருந்தபோது பிரான்சியப் புரட்சி மூண்டது. பழைய அரசின் பதவியாளர் என்ற ஐயத்தின் பேரில் 1793இல் தந்தையார் சிறையிடப்பட்டார். அக்காலத்திற் சிறை சென்றோர் பலர் கொலைமேடைக்கே சென்றனர். அடுத்த ஆண்டில் உரொபெசுபியரின் ஆட்சி வீழ்ந்தமையால் தந்தையார் உயிர் தப்பினார். குடும்பத்தின் பழைய செல்வநிலை மீளவில்லை. எனினும் மகனைப் பாரிசுக்கு அனுப்பிப் படிப்பிக்க வேண்டும் என்னும் தந்தையாரின் உறுதி தளரவில்லை.

1797ஆம் ஆண்டின் இறுதியிற் கேலுசாக்கு போட்டிப் பரீட்சையிலே தேறி, புரட்சியரசு புதிதாக நிறுவிய பல்தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே மாணவர்க்கு அரசே உதவிப்பணம் வழங்கிற்று. பிறப்பை நோக்காது திறமையை நோக்கிய அக்கல்லூரி இல்லையேல், இவ்விளைஞர் ஊரிலே ஒரு நியாயதுரந்தரராய் வாழ்ந்து மறைந்திருத்தலுங் கூடும். கல்விக்கூடம் ஒன்று ஒரு மனிதனின் வாழ்க்கையையும், அவன் வழியாக உலகத்தின் அறிவையும் எவ்வாறு திருப்பிவிடுகின்றது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு அன்றோ!

அக்கல்லூரியிற் கற்பித்த பேரறிஞர் பேர்தொல்லே இவரைத் தமது ஆய்வுத் துணைவராக ஏற்றார். ஆசிரியர் தாம் கொண்ட கொள்கை ஒன்றை மெய்ப்பிக்கும் பொருட்டுச் சில பரிசோதனைகளைச் செய்யுமாறு மாணவரைப் பணித்தார் என்றும், பெறுபேறுகளோ அக்கொள்கைக்கு மாறாக அமைந்தன என்றும், மாணவர் அவற்றை மறையாது அப்படியே எடுத்துரைத்தார் என்றும் கூறுவர். ஆசிரியர் முகஞ் சுளிக்கவில்லை. அந்த நேர்மையைக் கண்டே இவரைத் தம் மகன்போற் கொண்டார். அளவு கூறுவதை ஆசிரியரின் சொல்லினும் மேலாக மதித்த இப்பண்பு கேலுசாக்கினிடம் இறுதிவரை நிலைத்திருந்தது.

வானிலே அளந்த காற்று

1802ஆம் ஆண்டில், தம் இருபத்துமூன்றாம் வயதில், வாயுக்கள் யாவும் ஒரே வெப்பநிலை உயர்வுக்கு ஒரே வீதத்தில் விரிகின்றன என்று அவர் வெளியிட்டார். இதனைத் தமக்கு முன்னரே சாள்சு என்பவர் கண்டு வெளியிடாது விட்டிருந்தார் என்பதையும் அவரே எடுத்துக் கூறினார். பிறர்க்குரிய புகழைப் பிறர்க்கே அளித்தமையாற் போலும், இன்று அவ்விதி பெரும்பாலும் சாள்சின் பெயராலேயே வழங்குகின்றது.

1804ஆம் ஆண்டில் அவர் இருமுறை பலூன் ஏறி விண்ணிற் சென்றார். ஓகத்து மாதத்திற் பியோ என்னும் நண்பருடன் சென்றார்; செத்தெம்பர் 16ஆந் திகதி தனியராகவே சென்றார். இரண்டாம் முறை அவர் எட்டிய உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 7016 மீற்றர். கீழே பாரிசு வெயிலில் வாடியிருக்க, மேலே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஒன்பது பாகை வரை இறங்கிற்று. மூச்சுத் திணறியது, நாடி விரைந்தது, கைகள் விறைத்தன. அந்நிலையிலும் அவர் வெறுமையாக்கப்பட்ட கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து, அவ்வுயரத்துக் காற்றை அடைத்துக் கொணர்ந்தார்.

அவர் எதன்பொருட்டு உயிரைப் பணயம் வைத்தார் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். உயரத்திலுள்ள காற்றில் ஒட்சிசனின் பங்கு குறைகின்றதா என்பதே வினா. கொணர்ந்த காற்றைப் பகுத்தபோது நூறு கனவளவில் ஏறக்குறைய இருபத்தொரு கனவளவு ஒட்சிசன் என்னும் விகிதம் மாறவேயில்லை. அங்ஙனமாயின் மூச்சுத் திணறியது ஏன்? ஒட்சிசனின் விகிதம் மாறாவிடினும், காற்று ஐதாகிவிட்டமையால் ஓர் இலீற்றரில் அடங்கிய ஒட்சிசனின் நிறை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. நூற்றுவீதம் ஒன்று; இலீற்றருக்கு இத்தனை கிராம் என்பது வேறொன்று. முன்னது மாறாதிருக்கப் பின்னது மாறும். செறிவின் இருவேறு மொழிகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை அவர் தம் மூச்சினாலேயே உணர்ந்தார் எனலாம்.

அதன்பின் செர்மானிய அறிஞர் அம்போல்ற்று அவர்களோடு கூடி ஆராய்ந்து, ஒரு கனவளவு ஒட்சிசனுடன் இரு கனவளவு ஐதரசன் சேர்ந்தே நீர் உண்டாகின்றது என்பதை 1805இல் அவர் நிறுவினார். இவ்விருவரும் நண்பரான வரலாறும் சுவையுடையது. அம்போல்ற்று அவர்களின் பழைய காற்றளவுகளைக் கேலுசாக்கு முன்னர்க் கடுமையாகக் கண்டித்திருந்தார். பேர்தொல்லேயின் இல்லத்தில் இவரைச் சந்தித்த அப்பெரியார், சினங் கொள்ளாது தாமே முன்வந்து கை நீட்டினார். அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

1808ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கேலுசாக்கு தமது கனவளவுச் சேர்க்கை விதியை அறிஞர் அவையில் உரைத்தார். வாயுக்கள் எளிய முழுவெண் விகிதங்களிலேயே சேர்கின்றன என்பது அதன் சாரம். தாற்றன் இதனை ஏற்க மறுத்தார். 1811இல் இத்தாலிய அறிஞர் அவகாதரோ, ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலுமுள்ள சம கனவளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று கொண்டு அவ்விதிக்குப் பொருள் விளக்கினார். நாம் இன்று மூல் என்று வழங்கும் எண்ணத்துக்கு வேர் இங்கேயே உள்ளது. ஆயினும் கேலுசாக்கு தாமே அம்முடிவுக்குச் செல்லவில்லை. கண்டதற்கு அப்பால் ஓரடியும் வையாத எச்சரிக்கை அவருடைய பெருமை. அதுவே அவருடைய எல்லையும் ஆயிற்று.

அதே 1808ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நண்பர் தெனாருடன் பொற்றாசியத்தை ஆராய்ந்தபோது நிகழ்ந்த வெடிப்பினால் அவருடைய கண்கள் புண்பட்டன. பார்வை பின்னர் மீண்டதெனினும் கண்கள் முன்போல் வலுப்பெறவில்லை. அவர் மணந்த நங்கை, துணிக்கடை ஒன்றிற் பணியாற்றுகையில் ஓய்வு நேரத்தில் இரசாயன நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டே அவர் உள்ளம் ஈடுபட்டது என்பர். அவ்வம்மையாரும் அவரும் நெடுங்காலம் இனிது இல்வாழ்க்கை நடத்தினர்.

நூறு பங்கில், எதன் நூறு பங்கில்?

கேலுசாக்கின் பிற்கால வாழ்க்கையை அறிஞர் சிலர் அத்துணை மதிப்பதில்லை. இயற்கையின் பெருவிதிகளைக் கண்டவர், பின்னர் அரசுக்கும் ஆலைகளுக்கும் பணி செய்யும் அலுவலர் ஆனார் என்பது அவர்கள் குறை. 1818இல் வெடிமருந்துச் சபையில் அவர் பதவி ஏற்றதும், 1829இல் நாணயச்சாலையின் தலைமைச் சோதனையாளர் ஆனதும் உண்மையே. எனினும் நமது ஆய்வுகூடத்துச் சீட்டுக்களைப் படிக்கும் எவரும் அக்குறையை ஒப்புக்கொள்ளார். அக்காலப் பணியே கரைசலின் வலிமையை எவரும் அளக்கக் கூடியதாக்கிற்று.

1819இல் அவர் உப்புக்களின் கரைதிறனை வெப்பநிலைக்கு ஏற்ப அளந்து வளைகோடுகளாக வரைந்து வெளியிட்டார். அங்கே அவர் நிறுத்தது கரைசலின் நூறு பங்கையன்று. நீரின் நூறு பங்கிற் கரையும் உப்பையே. இவ்விரண்டையும் மயங்குவோர் பலர். நமது கறியுப்பையே எடுத்துக்கொள்வோம். 20 பாகை சதமளவையில் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும். இது 36 நூற்றுவீதக் கரைசலா? அன்று. கரைசலின் நிறை 136 கிராம். ஆகவே நிறைப்படி 26.5 நூற்றுவீதமே. அக்கரைசலின் ஓர் இலீற்றர் ஏறக்குறைய 1200 கிராம் நிற்கும். அதனுள் உப்பு 318 கிராம். சோடியங் குளோரைட்டின் மூலர்நிறை 58.5 ஆதலின், இலீற்றருக்கு 5.4 மூல். ஒரு கிலோகிராம் நீருக்கு எனக் கணித்தாலோ 360 கிராம், அதாவது 6.15 மூல். 36, 26.5, 318, 5.4, 6.15 என்னும் எண்கள் ஐந்தும் ஒரே போத்தலுக்கு உரியனவே. எண்களில் ஐயமில்லை, எதனை எதனோடு ஒப்பிட்டோம் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

நிறையிலிருந்து கனவளவுக்குச் செல்ல அடர்த்தி பாலமாகின்றது. நிறையிலிருந்து எண்ணிக்கைக்குச் செல்ல மூலர்நிறை பாலமாகின்றது. பாலங்கள் இவ்விரண்டே. எத்தனை அலகுகள் இருப்பினும், மாணவர் முதலிற் கேட்கவேண்டியது எச்சூத்திரம் என்பதன்று. எதன் பங்கு, எதனுள் என்பதேயாம்.

துணி வெளுத்தோரும் காரம் விற்றோரும்

அக்காலத்தில் துணி வெளுக்கும் தொழிலிற் குளோரீன் புகுந்திருந்தது. வெளிற்றும் தூளை விற்பவர் ஒருவர் வலியதென்பார், வாங்குபவர் வலிமையற்றதென்பார். வலிமை கூடினால் துணி அரிக்கும்; குறைந்தால் வெளுக்காது. 1824இற் கேலுசாக்கு இதற்கு ஒரு முறை வகுத்தார். அவுரிநீலக் கரைசலைக் குளோரீன் நிறமழிக்கும் அளவைக் கொண்டு வலிமையைக் கணித்தார். கரைசல் தன்னுள் எத்தனை இலீற்றர் குளோரீன் வாயுவுக்கு ஈடானதைக் கொண்டுள்ளதோ அத்தனை பாகை என்பதே அளவு. வாயுவின் கனவளவு வெப்பத்தோடும் அமுக்கத்தோடும் மாறும் என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் யார்? ஆகவே 0 பாகை வெப்பநிலையும் 760 மில்லிமீற்றர் அமுக்கமும் என வரையறுத்தார். இவ்வெளியீட்டிலேயே பியூரெற்று, பிப்பெற்று என்னும் பெயர்களை இரசாயன வழக்கில் அவர் கொணர்ந்தார். அவையே நமது அளவியும் குழாயியும். இம்முறைக்கு வித்து ஊன்றிய தெக்குருவாசீல் என்னும் முன்னோர் ஒருவரும் உளர். அவ்வித்தை மரமாக்கியவர் கேலுசாக்கு ஆவர். 1835இல் அவுரியின் குறைபாடுகளைத் தாமே கண்டு, அதற்கு ஈடாக ஆசனிக்குச் சேர்வை ஒன்றைப் பயன்படுத்தும் திருந்திய முறையை வெளியிட்டார்.

அந்தப் பாகை பிரான்சிலே வெளிற்று நீர்ப் போத்தல்களில் நெடுங்காலம் வழங்கிற்று. ஒரு பாகை என்பது இலீற்றருக்கு ஏறக்குறைய 3.17 கிராம் குளோரீன். பன்னிரண்டு பாகையாயின் 38 கிராம். அதனை 71 ஆல் வகுத்தால் 0.54 மூல். நமது ஆய்வுகூடத்து இருபது கனவளவு ஐதரசன் பேரொட்சைட்டும் இதே எண்ணத்தின் வழிவந்ததே. அப்பொருளை 1818இற் கண்டுபிடித்தவர் அவருடைய நண்பர் தெனார். ஓர் இலீற்றர் கரைசல் இருபது இலீற்றர் ஒட்சிசனைத் தரும் என்பது இருபது கனவளவின் பொருள். 20ஐ 22.4 ஆல் வகுக்க ஒட்சிசன் 0.89 மூல், இரு மூல் பேரொட்சைட்டு ஒரு மூல் ஒட்சிசனைத் தருமாதலால் பேரொட்சைட்டு 1.79 மூல்; நிறைக்கு மாற்றினால் இலீற்றருக்கு 61 கிராம். விளங்கிக்கொண்டபின் இதில் அஞ்சுதற்கு யாதுண்டு?

1828இற் சவர்க்காரமும் கண்ணாடியும் செய்வோர் வாங்கிய பொற்றாசுக் காரத்தை அளக்க அவர் வகுத்த முறை இன்னும் அழகியது. ஓர் இலீற்றரில் 100 கிராம் சல்பூரிக்கமிலம் கொண்ட கரைசலை அவர் ஆக்கினார். அதன் 50 கன சதம மீற்றரில் 5 கிராம் அமிலம் உண்டு. அது நடுநிலையாக்கும் தூய பொற்றாசின் நிறை 4.8 கிராம். ஆகவே சோதிக்கவேண்டிய காரத்தில் 4.8 கிராமை நிறுத்து, பாசிச்சாயம் நிறம் மாறும்வரை அமிலத்தை விடவேண்டும். அளவியில் 50 கன சதம மீற்றர் நூறு சம பிரிவுகளாக்கப்பட்டிருக்கும். சென்ற பிரிவுகளின் தொகையே நூற்றுவீதம்! சோடாக் காரமாயின் 3.16 கிராம் நிறுத்தாற் போதும், வேறொன்றும் மாறவேண்டுவதில்லை.

கணக்கறியாத வியாபாரிக்கும் விடை கண்ணாடிக் குழாயிலேயே தெரிந்தது. மாற்றும் கணக்கு முழுவதையும் விஞ்ஞானி முன்கூட்டியே செய்து, நிறுக்கும் நிறையினுள் மறைத்து வைத்துவிட்டார். 4.8, 3.16 என்னும் எண்கள் ஒரே அளவு அமிலத்துக்குச் சமமான நிறைகள் என்பதை நோக்குக. இவ்வெண்ணத்தையே பிற்காலத்திற் செர்மானிய அறிஞர் மோர் விரித்து, ஒரு சமவலுநிறை கிராம் கொண்ட இலீற்றரை நோர்மல் கரைசல் எனப் பரப்பினார். மூல் என்னும் சொல்லை ஒசுவால்ற்று வழங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். நோர்மல் மெல்ல வழக்கொழிய, மூலர் நிலைபெற்றது. கேலுசாக்கின் அமிலத்தை இன்று எழுதினால் 1.02 மூலர், பழைய சீட்டில் எழுதினால் 2.04 நோர்மல். சல்பூரிக்கமில மூலக்கூறு ஒவ்வொன்றும் இரு ஐதரசன்களை ஈவதாலேயே இரட்டிப்பு நேர்ந்தது.

மதுவும் வரியும்

மதுசாரத்துக்கு வரி விதித்த அரசுக்கு அதன் வலிமை தெரியவேண்டியிருந்தது. மிதவைக் கருவிகள் முன்னரே இருந்தன; ஆயின் அவற்றின் பாகைகள் செய்தவர் மனம்போல் அமைந்தவை. ஒருவர் கருவியில் இருபது என்றது மற்றொருவர் கருவியில் வேறாயிற்று. எந்தப் பாகையும் எத்தனை மதுசாரம் உண்டு என்பதைக் கூறவில்லை. கேலுசாக்கு 1824இல் ஆக்கிய மதுசாரமானியில் 0 என்பது தூய நீர். 100 என்பது தூய மதுசாரம். இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் நூறு கனவளவுக் கரைசலில் அடங்கிய மதுசாரத்தின் கனவளவு. பிரான்சிய அரசு அதனை உடனே சட்டமாக்கிற்று.

இதனை ஆக்குதல் எளிதாக இருக்கவில்லை. 50 கனவளவு மதுசாரத்தையும் 50 கனவளவு நீரையும் கலந்தால் 100 வருவதில்லை. ஏறத்தாழ 96 அல்லது 97 தான் வரும். நிறைகள் கூடும், கனவளவுகள் கூடா. ஆகவே கணித்துப் பெற இயலாது. கலவை கலவையாகச் செய்து அளந்தே பெறவேண்டும். மேலும், வெப்பத்தினால் திரவம் இலேசாக, மிதவை ஆழ்ந்து வலிமை கூடியதுபோற் காட்டும். 15 பாகை வெப்பநிலைக்கே கருவியை அமைத்த அவர், ஏனைய வெப்பநிலைகளுக்குத் திருத்த அட்டவணைகளையும் ஆக்கினார். பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 என்பது ஒரு பொது விதி. நமது நாட்டு வெயிலில், 30 பாகையிலே அக்கருவி 50 எனக் காட்டினால் உண்மை வலிமை 44 அளவே. அட்டவணையின்றி அளப்பின், இல்லாத மதுசாரத்துக்கு வரி செலுத்த நேரும்.

கனவளவுப்படி 50 நூற்றுவீதமான கரைசல் நிறைப்படி 42.4 நூற்றுவீதமே என்பதையும் மாணவர் நினைவிற் கொள்க. பிரித்தானியர் வழங்கிய பழைய புறூவ் அளவில் 100 என்பது கனவளவுப்படி 57.1 நூற்றுவீதமாகும். இன்று சர்வதேச அட்டவணைகள் 20 பாகையை அடிப்படையாகக் கொள்கின்றன. ஆயினும் கனவளவு நூற்றுவீதம் என்னும் அவருடைய மொழியே நிலைத்துவிட்டது.

வெள்ளி நாணயம் உரைத்த உண்மை

அவருடைய அளவைப் பணியின் சிகரம் வெள்ளிச் சோதனையே. பிரான்சிய வெள்ளி நாணயத்தில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி இருத்தல் வேண்டும். பழங்காலந் தொட்டு, நாணயத்தை ஈயத்தோடு எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் உருக்கி, எஞ்சும் வெள்ளியை நிறுத்துச் சோதித்து வந்தனர். சூட்டில் வெள்ளியிற் சிறிது ஆவியாகியும் கிண்ணத்தில் ஊறியும் மறைந்தது. அதனால் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை குறைவாகவே விடை வந்தது. சோதனையில் தொள்ளாயிரம் காட்டவேண்டின், நாணயத்தில் அதற்கு மேலாக வெள்ளி இடவேண்டும். நாடு முழுவதற்கும் எண்ணினால் அவ்விழப்புச் சிறிதன்று. நூற்றாண்டுகளாக அரசுகள் நம்பிய அளவுகோலே பொய்த்திருந்தது.

அரசு குழுவொன்றை அமைத்தது. கேலுசாக்கு புதிய முறையை வகுத்து 1832இல் நூலாக வெளியிட்டார். நைத்திரிக்கமிலத்திற் கரைத்த வெள்ளியோடு உப்புக் கரைசலைச் சேர்த்தால், வெண்ணிறத் தயிர்போல வெள்ளிக் குளோரைட்டு வீழ்படியும். 100 கன சதம மீற்றர், சரியாக 1 கிராம் வெள்ளியை வீழ்த்தும்படி உப்புக் கரைசலை ஆக்கினார். இன்றைய அணுநிறைகளின்படி அதற்கு இலீற்றருக்கு 5.42 கிராம் உப்பு வேண்டும், அதாவது 0.0927 மூல். அதனையே பத்து மடங்கு ஐதாக்கினால், ஒரு கன சதம மீற்றர் ஒரு மில்லிகிராம் வெள்ளியை வீழ்த்தும். நாணயத்தில் 1.115 கிராமை எடுத்துக் கரைத்து, முதற் கரைசலில் 100 கன சதம மீற்றர் விட்டு, போத்தலை வலிதாகக் குலுக்கித் தெளியவைத்தபின், ஐதான கரைசலை ஒவ்வொரு கன சதம மீற்றராக விடுவர். மூன்று முறை கலங்கி நான்காம் முறை கலங்காதாயின், வெள்ளி 1.003 கிராம், நாணயத்தின் தரம் ஆயிரத்துக்கு 899.6. தீயிலிட்டுக் கண்டதிலும் இது பன்மடங்கு நுண்ணியது. ஆயிரத்தில் அரைப்பங்கு வரை துணியலாம்.

பொன் வெள்ளியின் தரத்தைக் குறிக்கும் பிரான்சியச் சொல்லாகிய தீற்றர் என்பதிலிருந்தே, நாம் நியமிப்பு என்று வழங்கும் செய்கைக்கு மேனாட்டுப் பெயர் பிறந்தது. நாணயத்தின் நாணயத்தை ஆராய்ந்த சொல் நமது மாணவரின் செய்முறை ஏட்டில் இடம்பெற்றுள்ளது.

மனிதரும் மறைவும்

கேலுசாக்கு சொற்குறைந்தவர், புறத்தே குளிர்ந்தவராகத் தோன்றியவர். எனினும் பிற்காலத்திற் பெரும் இரசாயனியாகப் புகழ்பெற்ற லீபிக்கு, இளைஞராக அவருடைய ஆய்வுகூடத்திற் பயின்றபோது, பகுப்பொன்று நன்கு முடிந்தால் ஆசிரியர் மாணவரைக் கைப்பற்றி அறையிலே நடனமாடுவார். முன்னர்த் தம் ஆசிரியரிடம் தாம் பெற்ற அன்பை அவர் இவ்வாறு தம் மாணவர்க்கு வழங்கினார்.

1831இல் மக்கள் அவைக்குத் தெரிவு செய்யப்பெற்றார். 1839இல் பிரபுக்கள் சபையிலும் இடம்பெற்றார். 1850ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி பாரிசில் மறைந்தார். அவருடைய பெயர் இன்று வாயு விதியிலும், சல்பூரிக்கமில ஆலைகளில் நைதரசன் ஒட்சைட்டுக்களை மீட்க அவர் வகுத்த கோபுரத்திலும், மதுசாரப் பாகையிலும் நிலைத்துள்ளது.

மாணவர்காள்! அடுத்த முறை செறிவை மாற்றும் கணக்கொன்று எதிர்ப்படும்போது, சூத்திரத்தைத் தேடி மனத்தைத் துழாவவேண்டாம். போத்தலிலுள்ள சீட்டை நோக்கி மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எப்பொருளின் பங்கு? எதனுள் அப்பங்கு? எவ்வெப்பநிலையில் அளந்தது? விடை தெரிந்தால், அடர்த்தியும் மூலர்நிறையும் உங்களை அக்கரை சேர்க்கும். கேலுசாக்கு பலூனிலும், வெளுப்புச்சாலையிலும், நாணயச்சாலையிலும் இம்மூன்றையுமே கேட்டார்.

பழைய மாணவராகிய நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வாங்குபவனும் விற்பவனும், அரசும் குடியும், ஒருவரையொருவர் நம்புதற்கு இருவர்க்கும் பொதுவான அளவு ஒன்று வேண்டும். அந்த அளவை ஒருவர் பக்கமும் சாயாது வகுத்தளித்த பெரியாரை, ஆய்வுகூடத்தின் சிறு கண்ணாடிக் குழாயொன்று நமக்கு நாளும் நினைவூட்டுகின்றது. அதனைக் கழுவி வைக்கும்போது ஒரு கணம் அவரை நினைப்போமாக.